நான்கில் நின்ற முள்

பிப்ரவரி. வார்தோ துறைமுகம்.
சூரியன் திரும்பி வந்து மூன்று வாரம்தான்.
கூச்சம் போகாத விருந்தாளிபோல்
எட்டரைக்கு வந்து இரண்டுக்குள் கிளம்பிவிடுகிறது.
அந்த வெளிச்சம் தீர்வதற்குள் முடிக்கலாம் என்று
கருவிப் பெட்டியோடு வந்தான் இங்வார்.
படகில் பாதி அவனுடையது.
வீட்டை விற்றுப் பிரித்தாயிற்று;
படகைப் பாதியாய் அறுக்க
வக்கீலுக்கும் வழி தெரியவில்லை.

பலகையில் ஆறு வட்டங்கள்:
வெப்பம், எண்ணெய் அழுத்தம், சுழற்சி,
பேட்டரி, டீசல், ஓடிய மணி.
கண்ணாடிக்குள் உப்பு பூத்து
வெப்பமானிக்குக் கண்புரை.
எண்பது காட்டினால் எழுபது என்று எடுத்துக்கொள்வேன்,
எழுபது காட்டினால் ஒரு தட்டு தட்டுவேன்.
டீசல் முள் அலைக்கு அலை ஆடும்,
அந்த ஆட்டத்துக்கு நடுவில் எங்கோ இருக்கும் நிஜம்.

ஒயர்களை ஒவ்வொன்றாய்க் கழற்றினான்.
ஒவ்வொரு முள்ளும் படுத்தது.
அழுத்தமானி படுக்கவில்லை.
நான்கு பார்.
ஒயர் அறுந்த பின்னும் நான்கு பார்.
உள்ளங்கையில் கவிழ்த்தான், உலுக்கினான்.
நான்கு.

எத்தனை வருடமாக?
சாவியைத் திருப்பினால் பலகை விளக்கும் அணையும்.
அணைந்த இயந்திரத்தின் முகத்தை
யார் திரும்பிப் பார்த்தார்கள்?
போன மார்ச், வடகிழக்குக் காற்று,
பதினெட்டு மணி நேரம்
இந்தச் செத்த முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தான்
தைரியமாக இருந்தேன்.
இங்வார் சிரித்தான். எனக்கு முழங்கால் நடுங்கியது.
பிறகு நானும் சிரித்தேன்,
கொஞ்சம் தாமதமாக.

புதுத் திரை சதுரம், துளைகள் வட்டம்.
ரம்பம் போட்டோம். என் காப்பியில் மரத்தூள்.
உயிர் வந்ததும் திரை கேட்ட முதல் கேள்வி:
இயந்திரம் இதுவரை ஓடிய மணிகள்?

பழைய மானி 9,412ல் நின்றுபோயிருந்தது,
என்றைக்கு என்று இருவருக்கும் தெரியாது.
மீன்பெட்டிமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.
நண்டுக்கூடை வாங்கிய வருடம்.
கியர்பாக்ஸ் கழன்ற கோடை.
சில்யே பிறந்தபோது கட்டிப்போட்ட ஏழு வாரம்,
அதைக் கழித்துக்கொள் என்றான்.
கடைசியில் அவன் பதினான்காயிரம் என்றான்.
நான் பதினாறாயிரத்து எழுநூறு என்றேன்.

இடையில் கிடந்த இரண்டாயிரத்து எழுநூறு மணி
அவன் இந்தப் படகில் கால் வைக்காத மூன்று பருவம்.
இருவரும் ஒரே நொடியில் கண்டுபிடித்தோம்,
இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம்.
கையுறையைக் கழற்றி
என் எண்ணை அவனே அடித்தான்.
ஐந்து இலக்கத்துக்கு எட்டு முறை தொட்டான்,
குளிர்ந்த விரலைத் திரை நம்பவில்லை.
'சரியா?' என்று அது கேட்டதற்கு
'ஆம்' தொட்டது நான்.

கிளப்பி அரை மணி.
வெப்பம் 71.3. 71.4. 71.3.
புதிதாய் நாடி பிடிக்கும் டாக்டர் மாதிரி
சும்மா இருக்கத் தெரியவில்லை அதற்கு.
அழுத்தம் 3.9.

செத்தது சொன்னதும் ஏறக்குறைய நிஜம்தான்.
அது நிம்மதியா கோபமா என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு துளை மிஞ்சியது.
அதன் வழியே காற்று ஊதியது.
பிஸ்கட் டப்பா மூடி பொருந்தவில்லை.
பழைய அழுத்தமானியையே எடுத்து,
ஒயர் இல்லாமல், அடைத்துவிட்டு
இருட்டுவதற்குள் போய்விட்டான்.

இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.
ஒன்று, 3.8, 3.9, 3.8 என்று
பதறிக்கொண்டே இருக்கிறது.
மற்றது நான்கு.

நேற்று தீவின் முனையைத் தாண்டும்போது
அலாரம் அலறியது.
சும்மா, ஒரு சென்சாரில் ஈரம்.
ஆனால் அந்தச் சத்தத்தில் முதலில்
என் கண் எதன்மேல் போனது என்று
இங்வாரிடம் சொல்லமாட்டேன்.